பரீட்சை முடியும்வரை

வேளாங்கண்ணி
11 டிசம்பர் 2025

அன்புள்ள மேகலா,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ஃபாதரிடம் கேட்டுக் கோயில் வளாகத்திலேயே வண்டியை நிறுத்தியிருக்கிறோம். போகிற ஊரில் எல்லாம் இப்படித்தான் செய்வதாக உத்தேசம். நமக்குத் தெரியாத ஊரிலும் ஒரு கோயிலும் ஒரு குழாயும் இருக்கும்.

பெரம்பலூர் பட்டறையில் பழைய ஸ்கூல் வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கொடுத்தார்கள் அல்லவா, அதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிடுகிறது. ஒருவர் வந்து ஐஸ்கிரீம் இருக்கிறதா என்று கேட்டார். "இது வூடுங்க. டயர் வச்ச வூடு" என்று உன் டிரைவர் ஐயா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் ஜெயங்கொண்டத்துக்கும் கும்பகோணத்துக்கும் பஸ் ஓட்டியவர். "கடைசி ஸ்டாப்பு வந்தா திருப்பு, திருப்புன்னே காலம் போயிடுச்சு டீச்சரம்மா. ஒரு தடவையாச்சும் திருப்பாம போவணும்" என்று சொல்லித்தான் என்னைக் கிளப்பினார். காலையில் பின்னால் கட்டியிருக்கும் சைக்கிளை இறக்கி, என்னைக் கேரியரில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். இன்னொரு சைக்கிள் நான் கற்றுக்கொள்வதற்காம். இந்த வயதில்.

நீ போனில் பேச மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். வண்டியில் இருக்கிற போனும் அவர் கையில்தான் இருக்கிறது. சில விஷயங்களை அவர் காதுபட உன்னிடம் சொல்ல முடியாது.

அவர் வயிற்றில் இருக்கிற கட்டி ஈரல் வரை போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருச்சியில் டாக்டர் சொன்னபோது நீ என் பக்கத்தில் நின்றாய். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. பெற்ற பிள்ளை ஜூட்டுக்கும் தெரியாது. அவனுக்குப் பிப்ரவரி ஏழாம் தேதி பரீட்சை. அதில் தேறினால்தான் குவைத்தை விட்டு அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போக முடியும். போன தடவை தவறிவிட்டது. நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் படிக்கிறான். இப்போது தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து நிற்பான். பரீட்சை முடியும்வரை அவனுக்குத் தெரிய வேண்டாம் என்பது அவருடைய முடிவு. என்னுடையதும்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. வீட்டில் விட்டு வந்த செல்போனுக்குக் கூப்பிடுவான். "நல்லா இருக்காங்க, சிக்னல் கிடைக்கல" என்று சொல்லு, போதும். நீ அதிகம் பேச மாட்டாய் என்றுதான் சாவியை உன்னிடம் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மணப்பாட்டில் இருப்போம். அந்தக் கோயில் முகவரிக்கு எழுது.

பாத்திமா மேரி


வரதராஜன்பேட்டை
20 டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு மேகலா எழுதுவது.

கோழிகள் நன்றாக இருக்கின்றன. கறுப்புக் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. முந்திரித் தோப்பில் தேங்கிய தண்ணீர் வடிந்துவிட்டது. அப்பா வந்து காய்ந்த கிளைகளைக் கழித்துப் போட்டார். நான் தோப்புக்குள் போகவில்லை. வேலிப் படலிடம் நின்று பார்த்தேன்.

ஜூட் அண்ணன் கூப்பிட்டார். நான் "ம்" என்றேன். "யாரு, மேகலாவா? மூச்சுச் சத்தம் மட்டும் வருது. உயிரோடதான இருக்கே?" என்று சிரித்தார். அதற்கும் "ம்" என்றேன். அம்மாவும் அப்பாவும் நல்லா இருக்காங்களா என்றார். "ம்." எங்கே இருக்காங்க என்றார். "ஊர் சுத்துறாங்க." நீங்கள் சொல்லச் சொன்னது வரவில்லை, அதுதான் வாயில் வந்தது.

பிறகு அவரே பேசிக்கொண்டிருந்தார். ஒரு பாடம் மட்டும் பயமாக இருக்கிறதாம். "அப்பா வண்டிய எடுத்துக்கிட்டு ஊர் ஊரா சைக்கிள் விடுறாரு, நான் இங்க ஒக்காந்து மனப்பாடம் பண்றேன். யாருக்கு வயசாச்சுன்னு தெரியல" என்றார். அவர் சந்தோஷமாக இருந்தார்.

இதற்குக் கீழே ஒன்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதுகிறேன்.

மேகலா


மணப்பாடு
28 டிசம்பர் 2025

அன்புள்ள மேகலா,

நான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். முதலில் அவர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். பிறகு நடந்து வந்தார். பிறகு கடற்கரை மேட்டில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்தார். நான் திரும்பி வந்தபோது மணலில் பக்கவாட்டில் படுத்திருந்தார். "நீ ஓட்டுறத படுத்துக்கிட்டுப் பார்த்தாத்தான் நேரா தெரியுது" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று பூசைக்குப் போனோம். கோயில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கறிக்குழம்பு கொடுத்து அனுப்பினார்கள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு எனக்கே கொடுத்துவிட்டார். கஞ்சி மட்டும் இறங்குகிறது.

ஜூட் போட்டோ கேட்டு நச்சரிக்கிறான். கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி, சைக்கிளோடு அவர் முதுகை எடுத்து அனுப்பினேன். அழகாக வந்திருக்கிறது.

நீ நன்றாகச் சமாளிக்கிறாய். பேசாமல் இருப்பது ஒரு வரம் மேகலா. வாயாடிகளிடம் இந்தக் காரியத்தை ஒப்படைக்க முடியுமா?

பாத்திமா மேரி


வரதராஜன்பேட்டை
3 ஜனவரி 2026

டீச்சருக்கு,

குஞ்சு பொரித்துவிட்டது. ஒன்றைக் காக்கை தூக்கிப் போய்விட்டது.

ஜூட் அண்ணன் நேற்றுக் கூப்பிட்டார். சிரிக்கவில்லை. "மேகலா, அப்பா சட்டை ஏன் அப்படித் தொங்குது? கழுத்துக்குப் பின்னாடி ரெண்டு நரம்பு தெரியுது. நான் நர்ஸு. எனக்குத் தெரியும்" என்றார். "சாப்பிடுறாரா?" என்றார். "ம்" என்றேன். "சத்தியமா?" என்றார். "சட்டை பெருசு" என்றேன். "சரி, நீ பொய் சொல்ல மாட்டே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போன தடவை நான் அடித்ததை இந்தத் தடவை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை அன்று விடியற்காலையில் அம்மா இதே தோப்பில் சருகு கூட்டும்போது கட்டுவிரியன் கடித்தது. நான் ஹாஸ்டலில் இருந்தேன். பரீட்சை முடிந்ததும் நீங்களே வந்து, "கடைசிப் பரீட்சை வரைக்கும் எங்க வீட்டுல இருந்து படி, அங்க ஒரே சத்தம்" என்று அழைத்துப் போனீர்கள். இதே வீடு. இதே சின்ன அறை. ஹார்லிக்ஸ் போட்டுக் கொடுத்தீர்கள். சமூக அறிவியல் கேள்விகளை நீங்களே கேட்டீர்கள். டிரைவர் ஐயா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று.

கடைசிப் பரீட்சையைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். வீட்டுக்குப் போனபோது அம்மாவை எரித்து, சாம்பலும் அள்ளிவிட்டார்கள்.

அம்மா முகம் கறுத்துப் போய்விட்டது என்று ஒருத்தர் சொல்கிறார். வீங்கிவிட்டது என்று ஒருத்தர் சொல்கிறார். அப்பாவிடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். நீங்கள் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குப் போயிருந்தீர்கள் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பரீட்சை ஹாலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அம்மா முகம் எப்படி இருந்தது டீச்சர்?

ஜூட் அண்ணனிடம் நான் இன்னும் எத்தனை "ம்" சொல்ல வேண்டும்?

மேகலா


மணப்பாடு
12 ஜனவரி 2026

மேகலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ வருத்தத்தில் எழுதியிருக்கிறாய். நானும் அப்படியே பதில் எழுதினால் நன்றாக இராது.

உன் அப்பா என்னிடம் வந்து கும்பிட்டுக் கேட்டார். "புள்ள எழுதிடட்டும் டீச்சர், அவ ஆத்தாளுக்கு அதுதான் ஆசை" என்றார். போன உயிர் வராது, ஒரு வருஷம் போனால் அதுவும் வராது. அதனால் செய்தேன். நானூற்றுப் பன்னிரண்டு மார்க் வாங்கினாய். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வர மாட்டேன் என்று உட்கார்ந்தது நீ. பதினொன்றில் சேர்ந்திருந்தால் அரசாங்க சைக்கிளே கிடைத்திருக்கும். எத்தனை தடவை வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன் என்று உனக்கே தெரியும்.

ஜூட் விஷயம் வேறு. அது அவன் அப்பாவின் விருப்பம். அதில் உனக்கும் எனக்கும் பேச்சில்லை.

இவர் சைக்கிளில் ஏறுவதை நிறுத்திவிட்டார். நான் மட்டும் காலையில் கடலோரமாகப் போய் வருகிறேன். ரோடு எங்கே முடிகிறது, அங்கே என்ன இருக்கிறது என்று வந்து சொல்ல வேண்டும். இன்றைக்குப் படகு இருந்தது, வலை காய்ந்தது, ஒரு நாய் என்னைத் துரத்தியது என்றேன். "நாய் ஜெயிச்சுதா, நீ ஜெயிச்சியா?" என்று கேட்டார். நான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

பொங்கலுக்கு அரிசி மூட்டையைப் பிரித்துக்கொள்.

உன் டீச்சர்


வரதராஜன்பேட்டை
19 ஜனவரி 2026

டீச்சருக்கு,

இதை மணப்பாட்டுக்கு அனுப்பவில்லை. ஏலாக்குறிச்சிக்கு அனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் எழுதிய மறுநாளே வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து எந்தக் கடிதமும் அப்படி வந்ததில்லை. தபால் முத்திரையைப் பார்த்தேன். மையே சரியாக விழவில்லை. பேசாமல் வைத்துவிட்டேன். பொங்கலுக்கு மறுநாள் பக்கத்து வீட்டுப் பரிமளா அக்கா மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டு ஏலாக்குறிச்சி போய் வந்தார்கள். "ஏண்டி, டீச்சர் வண்டி அங்க நிக்குது. டீச்சர் கொள்ளிடக் கரையில சைக்கிள் விட்டுக்கிட்டுப் போறாங்க. நான் கூப்பிட்டேன், காதுல வாங்காம போயிட்டாங்க. கோவமா?" என்று கேட்டார்கள். "அவங்களா இருக்காது" என்றேன்.

நீங்கள் எழுதிய கடல் கொள்ளிடமா டீச்சர்? படகும் வலையும் நாயும் எனக்காகச் சொன்னதா, அவருக்காகச் சொன்னதா?

ரெண்டு பஸ் மாறினால் நான் அங்கே வந்துவிடுவேன். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று யோசித்தேன். ஊர்க்காரர்கள் பார்த்தால் யாராவது ஜூட் அண்ணனுக்குச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான். சொந்த வீடு இருக்கும்போது அவர் வண்டியில் படுத்துக் கிடக்கிறார். அதற்கும் பரீட்சைதான் காரணம்.

நான் கஞ்சி வைப்பேன். துணி துவைப்பேன். பேச வேண்டாம் என்றால் பேச மாட்டேன். வரட்டுமா?

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. முகத்தைப் பற்றிக் கேட்டது.

மேகலா


ஏலாக்குறிச்சி
23 ஜனவரி 2026

மேகலா,

வர வேண்டாம்.

ஆமாம், இங்கேதான் இருக்கிறோம். மணப்பாட்டில் ஒரு காலையில் கிளட்சை மிதிக்க அவர் காலில் பலமில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அவரோடு டிப்போவில் இருந்த அரியமுத்துவை வரவழைத்தோம், அவர்தான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் இவர் பின்பக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "கியர் மாத்துறியா, மாவு ஆட்டுறியா?" என்று அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். மாதா காலடியில் இருக்கலாம் என்று இங்கே நிறுத்தினோம். தனக்குக் கடல் சத்தம் கேட்கிறது என்கிறார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

தண்ணீரும் நின்றுவிட்டது. பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கிறேன். சைக்கிளை இப்போது மருந்துக் கடைக்குப் போக மட்டும் எடுக்கிறேன்.

ஃபாதரிடம் இவரே எல்லாம் சொல்லிவிட்டார். ஏழாம் தேதிக்கு முன்னால் நடந்தால் இங்கேயே அன்றைக்கே அடக்கம். ஜூட் பரீட்சை எழுதி வெளியே வந்த பிறகு நான் போனில் சொல்ல வேண்டும். "நாம பட்டது போதும், அவன் ஊரு போயி சேரட்டும்" என்று நேற்றும் சொன்னார். இந்த வீட்டில் யாருக்கும் எதுவும் முழுசாகக் கிடைத்ததில்லை மேகலா. அவனுக்காவது கிடைக்கட்டும்.

நீ வாயைத் திறந்தால் இறந்துகொண்டிருக்கிற மனிதனுடைய பேச்சை மீறியதாகும். அப்படிச் செய்வதாக இருந்தால் சாவியை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வீட்டைவிட்டுப் போய்விடு. நான் திரும்பி வரும்போது உன்னைப் பார்க்க எனக்கு மனம் இருக்காது.

பாத்திமா மேரி


வரதராஜன்பேட்டை
28 ஜனவரி 2026

டீச்சருக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று நானே கூப்பிட்டேன். வீட்டுக்குள் நின்று பேசப் பார்த்தேன். குரல் வரவில்லை. படலைத் திறந்துகொண்டு தோப்புக்குள் போனேன். அம்மா போன பிறகு நான் அங்கே கால் வைத்ததில்லை. சருகு மேலே நின்றுகொண்டு பேசினேன். கீழே பார்க்கவில்லை.

"அண்ணே, டிரைவர் ஐயா சாவக் கெடக்காரு. ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல வண்டியில கெடக்காரு. வயித்துல கட்டி. தண்ணி எறங்கல. பரீட்சை முடியட்டும்னு ஒங்ககிட்ட மறைக்கிறாங்க" என்றேன்.

"யாரு பேசுறது?" என்றார். நான் இவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை.

"மேகலாங்க."

அங்கே ஏதோ கருவி கூவிக்கொண்டிருந்தது. டியூட்டியில் இருந்தார் போலிருக்கிறது. "எப்பலேருந்து?" என்றார். "கார்த்திகையிலேருந்து." "அன்னிக்குச் சட்டை பெருசுன்னு சொன்னியே." "சொன்னேன். தப்பு" என்றேன். "அம்மாகிட்ட நீ சொன்னதா சொல்லாதே" என்றார். அது முடியாது என்றேன்.

வைத்துவிட்டுச் சருகு மேலேயே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

ஐயாவின் பேச்சை மீறினேன். அவர் என்னை மன்னிக்க வேண்டாம். அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது கோபத்தினால் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். யாராவது ஒருவர் வந்து என்னை ஹாலிலிருந்து எழுப்பியிருக்கலாம். நான் எழுந்து போயிருப்பேன். மார்க் போயிருக்கும். போகட்டுமே.

மேகலா


ஏலாக்குறிச்சி
10 பிப்ரவரி 2026

மேகலாவுக்கு,

அவர் முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து சைக்கிளைச் சாத்தும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பாதி வழியில் சங்கிலி கழன்றதை மாட்டிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் பார்த்திருப்பேனோ என்னவோ.

அவர் சொல்லியிருந்தபடி அன்று மாலையே அடக்கம் என்று முடிவானது. அரியமுத்துவும் கோயில் ஆட்களும் மட்டும் இருந்தோம். ஃபாதர் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்தார். பெட்டியை மூடலாமா என்று என்னைக் கேட்டார்கள். நான் தலையாட்டிவிட்டேன். அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தோளில் ஒரு பையோடு ஜூட் இறங்கினான். திருச்சியில் இறங்கி நேராக வந்திருக்கிறான். மூடியைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

அவன் அழவில்லை. அப்பாவின் கையை எடுத்து நாடியைப் பிடித்துப் பார்த்தான். தொழில் பழக்கம். பிறகு சட்டைக் காலரைச் சரி செய்தான்.

நீ சொன்ன அன்று மாலை என்னைக் கூப்பிட்டான். "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்றான். "சைக்கிள் விட்டுட்டு வந்து தூங்குறார்" என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டான். தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறான். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்திருக்கிறான். உன் கடிதம் அடக்கத்துக்கு மறுநாள் வந்து, அதைப் படித்தபோதுதான் எனக்கு அது விளங்கியது.

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறான். காலையில் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொள்ளிடக் கரையில் போகிறான், வெயில் ஏறித் திரும்புகிறான். ஏழாம் தேதியும் அப்படித்தான் போனான். ரோடு எங்கே முடிகிறது என்று நான் கேட்கவில்லை.

நீ செய்தது சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தப்பு என்று எழுதவும் வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். உன் அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் கறுக்கவில்லை. வீங்கவும் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் வீங்காது. ஊரார் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது. நீ யோசிக்கும்போது இழுத்துக்கொள்வாயே, அந்தப் பக்கம். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட புடவை. விரல்களில் முந்திரிப் பால் கறை. மஞ்சள் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். கண் பாதி திறந்திருந்தது. நான்தான் மூடிவிட்டேன். உன் அப்பா என் பக்கத்தில் வந்து, "நல்லா எழுதுறாளா டீச்சர்?" என்று கேட்டார். எழுதுகிறாள் என்றேன். உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஜூட் ஓட்டிக்கொண்டு வருகிறான். சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறாய் என்று தெரிவிக்கவும்.

பாத்திமா மேரி


வரதராஜன்பேட்டை
12 பிப்ரவரி 2026

டீச்சருக்கு,

கண்ணை மூடிவிட்டது நீங்கள் என்று படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அது நான் செய்ய வேண்டியது. அந்த நேரத்தில் நான் படம் வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருந்தேன். கோபம் இன்னும் போகவில்லை. போகும் என்று நான் எழுத மாட்டேன்.

ஆனால் அந்தக் கறையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. வருஷம் முழுக்க அம்மா விரலில் அது இருக்கும். தலை வாரும்போது நெற்றியில் படும், சொரசொரவென்று இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் அங்கே கிடந்தது என் அம்மாதான் என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டைக் கழுவிவிட்டேன். டிரைவர் ஐயா கட்டிலில் வேறு விரிப்புப் போடவில்லை, அவருடையதே இருக்கிறது. ஜூட் அண்ணனுக்குச் சின்ன அறை வேண்டாம், அதில் நான் படுத்துக்கொள்கிறேன்.

வாங்க. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

மேகலா